பந்து ஒட்டினால் போதுமா?

சந்தாபுராவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளம். 14 வயதுப் பையன் பந்தை டேபிள் டென்னிஸ் மட்டையில் அழுத்தி, அதைத் தலைகீழாகத் திருப்புகிறான். 2.7 கிராம் பந்து ஒரு கணம் விழாமல் தொங்குகிறது. பொம்மசந்திரா தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்திருக்கும் அப்பாவின் முகத்தில் பெருமிதம். பயிற்சியாளர் அசரவில்லை. "இதுக்கெல்லாம் பாயின்ட் கிடையாது சார்" என்கிறார்.

ரப்பரைப் பார்த்து மிரள்வது நமக்குப் புதிதல்ல. 1952-ல் பம்பாயில் நடந்த உலக சாம்பியன்ஷிப்புக்கு ஜப்பானின் ஹிரோஜி சாத்தோ ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு வந்தார். அடித்தால் சத்தமே வராத அந்த மட்டையிடம் பெரிய ஆட்டக்காரர்கள் திணற, ஒற்றையர் பட்டம் அவருக்கு. பிறகு கட்டுப்பாடுகள் வந்தன. இன்று ரப்பர், ஸ்பாஞ்ச், பசை எல்லாம் சேர்ந்து 4 மி.மீ.யைத் தாண்டக் கூடாது.

பிசுபிசுப்பான ரப்பர் சீனர்களின் செல்லம். ஷாங்காயின் டபுள் ஹேப்பினஸ் நிறுவனம் தயாரிக்கும் ஹரிக்கேன் 3 அதில் பிரபலம். மேற்பரப்பு பந்தைக் கவ்வும். அடியிலுள்ள ஸ்பாஞ்சோ கெட்டி. சர்வீஸிலும், வலையருகே குட்டையாகத் தள்ளுவதிலும், ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின்னிலும் சுழல் பின்னியெடுக்கும். ஆனால் கால், இடுப்பு, தோள் என்று முழு உடம்பும் அந்த வீச்சில் சேர வேண்டும். மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் பந்து வலையில்தான். பேக்ஹேண்டில் வீச்சுக்கு இடம் குறைவு. அதனால் அந்தப் பக்கத்துக்குப் பலரும் ஒட்டாத, மென்மையான, துள்ளும் ரப்பரையே போடுகிறார்கள். இன்னொரு சங்கடம்: கவ்வும் ரப்பர் எதிராளியின் சுழலையும் கவ்வும். பிளாக் செய்யும்போது கோணம் சற்றுப் பிசகினாலும் பந்து கூரைக்குப் போகும்.

ஒட்டினால்தான் வெற்றி என்பதும் இல்லை. 2024 பிப்ரவரியில் பூசானில் நடந்த உலக அணிப் போட்டியில் ஐஹிகா முகர்ஜி சுழலை மழுங்கடிக்கும் ரப்பரை வைத்துக்கொண்டு, அப்போது உலகின் முதல்நிலை வீராங்கனையான சுன் யிங்ஷாவை வீழ்த்தினார். அந்த மோதலில் இந்தியா 2-3 எனத் தோற்றது வேறு விஷயம்.

வாங்குவதைவிடப் பராமரிப்பில்தான் பணம் வீணாகிறது. ஒசூர் சாலையின் தூசி, சந்தாபுராவில் மூடிய அறைக்குள்ளும் வந்துவிடும். பிசுபிசுப்புக்குத் தூசிதான் எமன். ஆடி முடித்ததும் லேசாக ஈரப்படுத்திய ஸ்பாஞ்சால் ஒரே திசையில் துடைத்து, உலர்ந்தபின் பிளாஸ்டிக் தாளைக் குமிழ் இல்லாமல் ஒட்டி உறையில் வைத்தால் போதும். வெயிலில் நிற்கும் கார் ஆகவே ஆகாது. சோப்பு, ஸ்பிரிட் பக்கமும் போக வேண்டாம். இந்தக் கட்டுரையாளர் மகளின் மட்டையைப் பாத்திரம் துலக்கும் திரவத்தால் 'பளிச்' ஆக்கியவர். மறுநாள் பந்து வழுக்கிக்கொண்டு போனது. வேகம் கூட்ட எண்ணெய் தடவும் வித்தையும் வேண்டாம். ரப்பரை எந்த ரசாயனத்தாலும் மாற்றக் கூடாது என்பது விதி.

சந்தாபுரா பையனின் மட்டையில் இரு பக்கமும் பிசுபிசுப்பு ரப்பர். பத்து பேக்ஹேண்ட் அடிகளைப் பார்த்துவிட்டு, "ஃபோர்ஹேண்ட் அப்படியே இருக்கட்டும், இந்தப் பக்கத்தை மட்டும் மாத்திடலாம்" என்கிறார் பயிற்சியாளர். பையன் தலையாட்டுகிறான். அப்பா மெதுவாக விலையை விசாரிக்கிறார்.