தோணிக்குள் ஒரு கடல்

மாத்தளை மாவட்டத்திற்குக் கடலோரம் கிடையாது. ஒருபுறம் நக்கிள்ஸ் மலைத்தொடர். வடக்கே போனால் தம்புள்ளையின் வரண்ட சமவெளி. 1880இல் கண்டியிலிருந்து நீட்டப்பட்ட புகையிரதப் பாதையும் மாத்தளையோடு நின்றுவிடுகிறது. திருகோணமலைக் கடலைப் பார்க்க வேண்டுமானால் இங்கிருந்து ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீற்றர் பஸ்ஸில் போகவேண்டும். ஆனாலும் கடல் நாள்தோறும் காலையில் நம் சமையலறைக்கு வந்துவிடுகிறது. தேங்காய்ச் சம்பலுக்காக உரலிலே இடிபடும் அந்தக் கல் போன்ற மாசித் துண்டுதான் அது.

மிளகும் ஏலமும் விளையும் குறிஞ்சி நிலத்தில் நெய்தல் நிலத்தின் பொருள் வந்து மணக்கிறது. இலக்கியம் படித்த நேயர்கள் இதைத் திணை மயக்கம் என்று சொல்லிச் சிரிக்கலாம். சங்கப் பாடல்களில் உமணர்கள் வண்டிகளில் உப்பேற்றி உள்நாட்டுக்குப் போனதைப் படித்திருக்கிறோம். கடலுக்கும் மலைக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் தமிழுக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளை, நாலந்தா தாண்டி மாத்தளைக்கு வந்து சேர்ந்த தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர் இது. கடலை மறந்துவிட்ட ஊர் என்று இதைச் சொல்ல முடியாது.

இன்று நாம் பார்க்கப்போவது அந்த மாசியின் பின்னால் இருக்கும் ஒரு விந்தையை. ஓடுகின்ற படகுக்குள் கடல்நீரைத் தேக்கி, அதிலே மீனை உயிரோடு வளர்ப்பது எப்படி? செல்வந்தரின் பொழுதுபோக்குப் போலத் தோன்றும் இக்கேள்விக்கு, மாலைதீவு மீனவர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே விடை கண்டிருக்கிறார்கள்.

மாசி சூரை மீனிலிருந்து செய்யப்படுவது. மீனை நீளவாக்கில் துண்டுகளாக்கி, உப்புநீரில் அவித்து, புகையூட்டி, வெயிலில் காயவைக்க அது மரக்கட்டை போல் இறுகிவிடும். 1343 அளவில் மாலைதீவுக்குப் போய் அங்கு காதியாராகவும் இருந்த இப்னு பதூதா, இந்த உலர்ந்த மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் ஏற்றுமதியானதைத் தம் பயண நூலில் பதிவுசெய்திருக்கிறார். அவ்வளவு பழைய வணிகம் அது.

சூரை ஆழ்கடலில் கூட்டமாகத் திரிவது. மாலைதீவார் அதை வலைபோட்டு வளைப்பதில்லை. நீண்ட கழியில் எதிர்முள் இல்லாத தூண்டிலைக் கட்டி, ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகுக்குள் எறிகிறார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தைப் படகின் அருகே இழுத்து நிறுத்த வேண்டுமே? அதற்கு உயிருள்ள சிறு மீன்களைக் கைநிறைய அள்ளிக் கடலில் வீசவேண்டும். கூடவே நீரையும் தெளிக்கவேண்டும். சிறு மீன்கள் மிரண்டு ஓடுவதும் நீர்ப்பரப்புக் கலங்குவதும் சேர்ந்து சூரைகளை வெறிகொள்ளச் செய்கின்றன. அந்த வெறியில் அவை வெறுந் தூண்டிலையும் கவ்விவிடும். செத்த மீனை வீசினால் இந்த வேலை நடக்காது. இரை மீன் உயிரோடு இருப்பதில்தான் அன்றைய உழைப்பு முழுவதும் தங்கியிருக்கிறது.

நெத்தலி, அதையொத்த சிறு மீன்கள், பவளப்பாறையை அண்டி வாழும் மீன்களின் இளங்குஞ்சுகள் ஆகியவையே இரையாகப் பிடிபடுகின்றன. தொட்டாலே செதில் உதிரும் இனங்கள் இவற்றில் பல. இவற்றைப் பாறை ஓரத்தில் பிடித்து, மணிக்கணக்கில் படகிலே வைத்து, ஆழ்கடல் வரை கொண்டுபோக வேண்டும். அதற்காகத் தோணியின் நடுப்பகுதியில் இரண்டு குறுக்குச் சுவர்களுக்கிடையே ஓர் அறையை ஒதுக்கி, அதன் அடிப்பலகையில் துளைகள் இட்டிருப்பார்கள். படகிலே துளையா என்று மலைநாட்டவர்களாகிய நாம் திடுக்கிடலாம். மரக் கட்டைகளால் அடைத்துவைக்கப்பட்ட அத்துளைகளைத் திறந்துவிட்டால் கடல்நீர் அந்த அறைக்குள் மட்டும் வந்து நிறையும். குறுக்குச் சுவர்கள் மற்றப் பகுதிகளுக்கு அது போகாமல் தடுக்கும். அந்த வரண்ட பகுதிகளே தோணியை மிதக்க வைக்கின்றன. உட்புகும் நீரை மாலுமிகள் இடைவிடாது இறைத்துக் கொட்டுவார்கள். ஒரு பக்கம் வந்துகொண்டும் மறுபக்கம் போய்க்கொண்டும் நீர் ஒருபோதும் பழையதாவதில்லை. 1974 தொடக்கம் இயந்திரத் தோணிகள் வந்தன. பின்னர் இறைக்கும் வேலையை நீரிறைக்கும் பம்பிகள் ஏற்றுக்கொண்டன. ஆனால் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை.

அந்தத் தத்துவத்தை விளங்கிக்கொள்ள மீன் எப்படிச் சாகிறது என்பதைப் பார்க்கவேண்டும். முதலாவது காரணம் மூச்சு. வெப்பமான கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 6 மில்லிகிராம் ஒட்சிசன்தான் கரைந்திருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் அதைப்போல் நாற்பது மடங்குக்கு மேல் இருக்கிறது. ஆயிரக்கணக்கான சிறு மீன்களை நெருக்கி வைத்த தொட்டியில் அந்த ஆறு மில்லிகிராம் சில நிமிடங்களில் குறையத் தொடங்கிவிடும். இரண்டாவது காரணம் கழிவு. மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. தேங்கிய நீரில் அது சேரச் சேர அதே செவுளை எரிக்கும் நஞ்சாகிறது. ஓடும் நீர் இந்த இரண்டு கேடுகளையும் ஒரே நேரத்தில் தீர்த்துவிடுகிறது. புதிய மூச்சைக் கொண்டுவருகிறது. பழைய கழிவைக் கொண்டுபோகிறது. துளையிட்ட தோணி ஒரு திறந்த தொட்டி. அதன் கழுவு தொட்டியும் களஞ்சியமும் இந்து சமுத்திரமே.

கண்ணாடித் தொட்டியின் கதை வேறு. காலியிலும் திருகோணமலையிலும் வந்து நங்கூரமிடும் வெளிநாட்டுப் பாய்மரப் படகுகளில் மாதக்கணக்கில் குடும்பத்தோடு வாழ்பவர்கள் உண்டு. அப்படி வாழும் ஒருவர் தம் அறையில் கடல்மீன் தொட்டி ஒன்று வைக்க ஆசைப்பட்டால் என்ன ஆகும்? அது மூடிய தொட்டி. கடல் தானாகச் செய்கின்ற வேலைகள் அனைத்தையும் அவர் தம் கையாலேயே செய்யவேண்டும்.

முதலில் எடை. நூறு லீற்றர் கடல்நீர் நூறு கிலோகிராமுக்கு மேல் வரும். அது படகின் நடுவில், தாழ்வாக, அசையாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். அடுத்தது அலம்பல். பாதி நிரம்பிய குடத்தைத் தலையில் வைத்து நடந்தவர்களுக்கு இது தெரியும். படகு சரியும் பக்கத்துக்கே நீரும் ஓடி, சரிவை மேலும் கூட்டும். ஆகவே தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, காற்றுக்கு மட்டும் வழிவிட்டு, இறுக மூடவேண்டும். உள்ளே தடுப்புகள் வைத்து நீரின் ஓட்டத்தை உடைக்கவேண்டும். குறைகுடம் தளும்பும் என்ற நம் முதுமொழி படகுக் கலைக்கும் பொருந்துகிறது.

பிறகு உப்பு. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நூறு லீற்றரில் பத்து லீற்றர் வற்றினால் மிஞ்சிய தொண்ணூறு லீற்றரில் உப்பு 39 கிராமளவுக்கு ஏறிவிடும். குறைந்ததைக் கடல்நீரால் நிரப்பினால் உப்பு இன்னும் கூடும். நன்னீரால்தான் நிரப்பவேண்டும். நடுக்கடலில் நன்னீர் என்பது மனிதர் குடிக்கும் நீர். மீனுக்கு ஒரு குவளை ஊற்றும்போது தம் பிள்ளையின் பங்கிலிருந்து ஒரு குவளை குறைகிறது என்பதைப் படகுக்காரர் மறக்க முடியாது.

தொட்டியில் சேரும் அமோனியாவைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றுவதற்கு நுண்ணுயிர்கள் உண்டு. கல்லிலும் மணலிலும் அவை குடியேறிப் பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் வேண்டும். அவசரப்பட்டு முதல் நாளே மீனை விடுபவர் அதைக் கொல்லவே விடுகிறார். இந்த நுண்ணுயிர்களுக்கும் ஒட்சிசன் தேவை. மின்கலம் இறங்கி, நீரோட்டம் சில மணி நேரம் நின்றாலே காவல்காரர்கள் முதலில் சாகத் தொடங்குவர், மீன்கள் பின்தொடரும்.

படகில் இருப்பவருக்கு ஒரு நன்மை உண்டு. நீர் மாற்றுவதற்குச் சுற்றிலும் கடல் இருக்கிறது. ஆனால் துறைமுகத்து நீரை மொள்ளக்கூடாது. டீசல், கழிவுநீர், படகுகளின் அடியில் பாசி பிடிக்காமல் பூசும் செம்பு கலந்த மை என்பன அங்கே கலந்திருக்கும். சிறிதளவு செம்பே இறாலுக்கும் பவளத்துக்கும் நஞ்சு. மழைக்காலத்தில் வேறொரு சிக்கலும் சேர்கிறது. நம் மாத்தளை மலைகளில் பெய்யும் மழை சுது கங்கையாகவும் அம்பன் கங்கையாகவும் ஓடி, மகாவலியில் கலந்து, திருகோணமலையின் கொட்டியார் குடாவில் போய் விழுகிறது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்தக் குடாவின் மேல்நீரில் உப்புக் குறைந்திருக்கும். அங்கே தொட்டிக்கு நீர் எடுப்பவர், தம்மை அறியாமலே மாத்தளை மழையை மொள்கிறார். ஆகவே கரையை விட்டு நன்கு விலகிய, நீலமான நீரில்தான் வாளியை இறக்கவேண்டும்.

இந்த வெப்பத்தில் கடலுயிர்களைக் காப்பது பேரறிஞர்களுக்கும் எளிதாக இருக்கவில்லை. ஜெர்மனிய விலங்கியலாளர் ஏர்ணஸ்ட் ஹெக்கல் 1881இன் இறுதியில் இலங்கை வந்து, வெலிகமவில் தங்கி ஆய்வு செய்தார். பிடித்துவந்த மென்மையான கடலுயிர்கள் சூட்டில் மிக விரைவாக அழிந்தமை அவருக்குப் பெருந் தடையாயிற்று.

இவ்வளவு பாடுபட்டு மீனைக் காப்பாற்றியவருக்கு இறுதியாக ஒரு சோதனை வருகிறது. பயணம் முடிந்தபின் மீனை என்ன செய்வது? இரக்கப்பட்டு அருகிலுள்ள கடலில் விட்டுவிடுவதே நல்லதென்று தோன்றும். அதுவே பெருங் கேடாக முடியலாம். நம் இந்து சமுத்திரத்துக்கும் பசுபிக் சமுத்திரத்துக்கும் உரிய சிங்கமீன் 1985இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் காணப்பட்டது. வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவற்றின் வழிவந்தது அது எனக் கருதப்படுகிறது. அங்கே அதை அடக்கும் எதிரிகள் இல்லை. இன்று கரிபியன் கடல் முழுவதும் பரவி உள்ளூர் மீன்குஞ்சுகளைத் தின்றுகொண்டிருக்கிறது. பெருங் கப்பல்கள் சமநிலைக்காக அடித்தளத்தில் நிரப்பிக்கொள்ளும் கடல்நீரும் இவ்வாறே, யாரும் விரும்பாத மீன் தொட்டியாகி, ஒரு கடலின் உயிர்களை இன்னொரு கடலில் இறக்கிவிடுகிறது. இதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2004இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது.

இந்த இடத்தில் மாலைதீவுத் தோணியை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். அதன் தொட்டியில் இருக்கும் மீன் அதே கடலில் பிடிபட்டு அதே கடலில் வீசப்படுகிறது. எந்தக் கடலுக்கும் அந்நியரைக் கொண்டுபோவதில்லை. ஒவ்வொன்றாகத் தூண்டிலிடும் இந்த முறை 2012இல் சர்வதேச அளவில் நிலைபேறான மீன்பிடி எனச் சான்றிதழ் பெற்றது நியாயமே. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. சூரை ஆழ்கடலில் ஏராளமாக இருந்தாலும், அதைக் கவரும் சிறு மீன் பவளப்பாறையை நம்பி வாழ்கிறது. 1998இலும் 2016இலும் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகி, மாலைதீவின் பவளப்பாறைகள் வெளிறிப் பேரழிவுக்கு உள்ளாயின. பாறை அழிந்தால் குஞ்சுகளுக்குப் புகலிடம் இல்லை. குஞ்சு இல்லையேல் தோணியின் தொட்டி வெறுமை. தொட்டி வெறுமையானால் கழியும் தூண்டிலும் இருந்து பயனில்லை.

மாசி இல்லாத காலத்தை நம்மவர்கள் ஒருமுறை பார்த்திருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை மாசி இறக்குமதியைக் கடுமையாகக் குறைத்தது. இங்கே சம்பல் சுவை இழந்தது. அங்கே தீவுகளில் பிழைப்பே ஆட்டங்கண்டது. பச்சை மீனை உறையவைத்து வேறு நாடுகளுக்கு விற்கும் வழியை அவர்கள் தேடிக்கொண்டார்கள். அன்றைய தட்டுப்பாடு பணத்தால் வந்தது. பணம் வந்ததும் நீங்கியது. பவளப்பாறை அழிவதால் வரும் தட்டுப்பாடு அப்படி நீங்காது. பாறை மீண்டும் வளர்வதற்குக் குறைந்தது பத்து ஆண்டுகளாவது பிடிக்கும். அதற்குள் கடல் மறுபடியும் சூடேறாமல் இருக்கவும் வேண்டும்.

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் படகுக்காரர் தினமும் காலையில் நீரின் சூட்டையும் உப்பையும் அளந்து பார்க்கிறார். ஒரு பாகை கூடினாலும் அவருக்குப் பதற்றம். அவருடைய தொட்டி சூடேறினால் நீரை மாற்றுவதற்கு வெளியே கடல் இருக்கிறது. கடலே சூடேறினால் மாற்று நீருக்கு எங்கே போவது? நாளைக் காலையில் உரலில் மாசியை இடிக்கும்போது, மாத்தளையில் இருக்கும் நாமும் இதை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.