மேசைக்கணினிக்கு எந்த வைஃபை?

மடிக்கணினியும் கைப்பேசியும் வைஃபையோடுதான் விற்பனைக்கு வருகின்றன. மேசைக்கணினிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும். கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, யூஎஸ்பி துளையில் செருகும் டாங்கிள். மற்றது, பெட்டியைத் திறந்து மதர்போர்டில் பொருத்தும் கார்டு. எது வேகம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆன்டெனா எங்கே நிற்கப்போகிறது என்பதை அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 செ.மீ. அதை நன்றாகப் பிடிக்க, அந்த நீளத்தில் பாதியோ காலோ கொண்ட ஆன்டெனா வசதியானது. அதாவது 6 அல்லது 3 செ.மீ. நகத்தளவே உள்ள நானோ டாங்கிளுக்குள் அதற்கு இடமேது? உலோகக் கீற்றை மடித்து மடித்து உள்ளே அடக்குகிறார்கள். அதற்கேற்பத் திறன் குறைகிறது. ரூட்டர் அதே அறையில் இருந்தால் பரவாயில்லை. ரூட்டர் கீழே கூடத்திலும் கணினி மாடியிலும் இருந்தால், நடுவில் இரும்புக் கம்பி பாய்ந்த கான்கிரீட் தளம் குறுக்கே நிற்கிறது. அங்கே நானோ டாங்கிளை வாங்கவே வேண்டாம்.

செருகும் இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. டாங்கிளைப் பெட்டியின் பின்புறம் செருகினால், தகரப் பெட்டியே ஒரு பக்கத்தை மறைத்துவிடுகிறது. அதைவிடப் பலருக்கும் தெரியாத தொல்லை, யூஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல். நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடும்போது பரவலான மின்காந்த இரைச்சல் கிளம்புகிறது. அதில் ஒரு பகுதி நேராக 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டது. வெளி ஹார்ட் டிஸ்க்கில் படம் ஏற்றும்போது பக்கத்துத் துளையில் இருக்கும் டாங்கிள் திணறுவதும், கம்பியில்லா மவுஸ் விட்டுவிட்டு நகர்வதும் இதனால் நேரக்கூடியவைதான். இதற்கு மருந்து எளியது: ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள். டாங்கிளைப் பெட்டியிலிருந்து விலக்கி, மேசைக்கு மேலே ரூட்டரின் திசையில் வைத்துவிடலாம். விலை குறைவு, பலன் பெரிது.

வேகத்தைப் பார்ப்போம். யூஎஸ்பி 2.0-வின் உச்சம் ஏட்டளவில் 480 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்). நடைமுறையில் 300 சொச்சம். வீட்டு இணைய இணைப்பே 100 எம்பிபிஎஸ் என்றால் அது தடையே இல்லை. டாங்கிள் வரும் அட்டைப்பெட்டிமேல் ஏசி600 என்று அச்சிட்டிருப்பதையும் நம்பி ஏமாற வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸில் 433, 2.4-இல் 150 என்ற இரண்டையும் கூட்டி, நூறுகளில் முழுமையாக்கிப் போட்ட எண் அது. டாங்கிள் ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு அலைவரிசையில்தான் இணையும்.

உள்ளே பொருத்தும் கார்டு பிசிஐஇ ஸ்லாட்டில் உட்காருகிறது. முதல் தலைமுறை ஸ்லாட்டின் ஒற்றைப் பாதையே நொடிக்கு 250 மெகாபைட் தாங்கும். பெரும்பாலும் இரண்டு ஆன்டெனா, சூட்டைத் தணிக்க உலோகத் தகடு. ஆனால் கார்டின் முதுகிலேயே ஆன்டெனாவைத் திருகிவிட்டால், அவை மேசைக்கு அடியில் சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். கார்டின் நன்மையெல்லாம் அங்கேயே வீணாகிறது. ஆகவே கேபிளோடு தனி ஆன்டெனாத் தாங்கி வரும் கார்டாகப் பார்த்து வாங்குவதே சரி. புளூடூத்தும் வேண்டுமென்றால், கார்டிலிருந்து மதர்போர்டின் 9 முனை யூஎஸ்பி இணைப்புக்கு ஒரு சிறு கம்பியைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். அதை மறந்துவிட்டு, புளூடூத் வேலை செய்யவில்லை என்று கார்டைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

புதிய மதர்போர்டுகள் பலவற்றில் வைஃபைக்கென்றே எம்.2 ஸ்லாட் இருக்கிறது. அதற்கு வாங்கும்போது மாடல் எண்ணில் கவனம் வேண்டும். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் ஏஎம்டி கணினியிலும் ஓடும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை பார்வைக்கு அப்படியே இருந்தாலும், அவற்றுக்கென வசதி செய்த இன்டெல் மதர்போர்டில் மட்டுமே இயங்கும். லினக்ஸ் பயன்படுத்துவோருக்கும் இன்டெல் கார்டுதான் நிம்மதி. டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. சில யூஎஸ்பி டாங்கிள்களுக்கு டிரைவரைத் தனியே தேடி, ஒவ்வொரு கெர்னல் மாற்றத்துக்குப் பிறகும் மறுபடி நிறுவ நேரிடும்.

ஈதர்நெட் கேபிள் இழுக்க வழியிருந்தால் இந்த இரண்டுமே வேண்டாம். வழியில்லை, பெட்டியைத் திறக்கத் தெரியும், ஸ்லாட்டும் காலியாக இருக்கிறது என்றால் கார்டு. வாடகை வீடு, அடிக்கடி இடம் மாறும் கணினி, வாரன்டி முடியாத பெட்டி என்றால் வெளியே ஆன்டெனா நீட்டிய டாங்கிளும் நீட்டிப்புக் கேபிளும் போதும். எதை வாங்குவதானாலும் அதற்கு முன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கணினி இருக்கும் இடத்துக்குப் போய், ஆன்டெனா நிற்கப்போகும் உயரத்தில் பிடித்து, 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் எட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.