வீட்டு வாசலிலிருந்து சாலை வரை



பெருநகரத்தில் ஒருவருக்குத் திடீரென உடல்நலம் குன்றினால், "ஆம்புலன்ஸ் வந்ததா?" என்பதே நாம் முதலில் கேட்கும் கேள்வி. வந்துவிட்டது என்று அறிந்தால் பாதிக் கவலை நீங்கிவிடுகிறது. ஆனால் வண்டி வந்த பின்னும் தீராத கஷ்டம் ஒன்று உண்டு. அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் பல்லாண்டு ஊழியம் செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மும்பை தாராவியில் குடியிருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில் அவருக்கு மார்வலி கண்டது. மகன் தொலைபேசியில் தகவல் சொல்ல, வண்டி தொண்ணூறடிச் சாலையில் வந்து நின்றது. பெரியவரோ மாடி அறையில் இருந்தார். செங்குத்தான இரும்பு ஏணி வழியே அவரைப் போர்வையில் கிடத்தி இறக்கி, இரண்டு சந்துகளைக் கடந்து, சாலைக்குக் கொண்டு வருவதற்குள் கால்மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் பிழைத்தது நம் நல்வினை. நலம் விசாரிக்கச் சென்ற என்னிடம் மகன் சொன்னார்: "சார், வண்டி நேரத்துக்கு வந்துவிட்டது. நாங்கள்தாம் வண்டிக்குப் போய்ச் சேரவில்லை."

இந்தச் சொல்லில் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தாராவியின் பரப்பு சுமார் இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சயானில் உள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி ஆஸ்பத்திரி அதற்கு மிக அருகிலேயே இருக்கிறது. எனவே இங்கே இடையூறு தூரம் அன்று, வழியே. அண்டையிலுள்ள மாதுங்கா, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நகர அபிவிருத்தி டிரஸ்டினரால் திட்டமிடப்பட்டது. அங்கே வீட்டு வாசலிலேயே வண்டி நிற்கும். தோல் பதனிடவும் பிற தொழில்களுக்காகவும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்தவர்கள் தாங்களாகவே கட்டிக்கொண்ட தாராவியில் அவ்வசதி இல்லை. எதிர்ப்படும் இருவர் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டிய சந்துகள் அங்கே பல.

தாய்மார்களின் மரணத்தைப் பற்றி ஆராய்ந்த தாடியஸ், மெயின் என்ற இரு அறிஞர்கள் 1994-ஆம் ஆண்டில் மூன்று தாமதங்களை எடுத்துக்காட்டினர். சிகிச்சை தேவை என்று முடிவு செய்வதில் தாமதம்; ஆஸ்பத்திரியை அடைவதில் தாமதம்; அங்கே தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். நம் பெரியவருக்கு நேர்ந்தது இரண்டாவது வகை. அதிலும், சாலையை எட்டுவதற்கு முன் உள்ள சில நூறு அடிகளில் நேர்ந்தது.

ஸ்ட்ரெச்சர் இருந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். சிறிது கணக்குப் பார்ப்போம். சாதாரண ஸ்ட்ரெச்சர் சுமார் ஆறரை அடி நீளமும் இரண்டடி அகலமும் உடையது. மூன்றடி அகலமுள்ள சந்து மற்றொரு மூன்றடிச் சந்தோடு நேர்கோணத்தில் கூடுமானால், இரண்டடி அகலமுள்ள பொருளைக் கிடந்த நிலையில் திருப்ப, அதன் நீளம் நாலரை அடிக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஆகவே ஸ்ட்ரெச்சர் முதல் திருப்பத்திலேயே நின்றுவிடும். சாதனத்தைச் செய்யுமுன் சந்தை அளக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அளந்து பார்த்தால் மூன்று எளிய சாதனங்கள் போதும் என்று தெரிகிறது. முதலாவது, பக்கங்களில் கைப்பிடிகள் வைத்துத் தைத்த கெட்டியான கித்தான் விரிப்பு. ஏணியில் இறக்கவும், நினைவிழந்தவரைக் கிடத்தித் தூக்கவும் இது ஏற்றது. மரச்சட்டம் இல்லாமையால் திருப்பத்தில் வளைந்து கொடுக்கும். இரண்டாவது, சக்கர நாற்காலி. மார்வலியோ மூச்சுத்திணறலோ உள்ளவரை நடக்கவிடலாகாது. சாய்ந்து அமர்ந்த நிலையே அவருக்கு நல்லது. அமர்ந்த மனிதர் திருப்பத்தையும் எளிதில் கடப்பார். சக்கரம் சைக்கிள் சக்கரம்போல் பெரிதாயிருந்தால் சாக்கடை மூடியின் இடுக்கில் சிக்காது. இடுப்புப் பட்டையும் பிரேக்கும் இன்றியமையாதவை. மூன்றாவது, அகன்ற சந்துகளுக்கான சக்கரப் படுக்கை. கழுத்திலோ முதுகெலும்பிலோ அடிபட்டவரை மட்டும், வேறு ஆபத்து இல்லையெனில், பயிற்சி பெற்றவர் வரும்வரை அசைக்காதிருப்பதே முறை.

இவை புதுமையானவை அல்ல. இங்கிலாந்தில் 1877-இல் தோன்றிய செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தைச் சேர்ந்த ஜான் பர்லி என்பார், இரு பெரிய சக்கரங்கள்மீது படுக்கையை அமைத்த கைவண்டியை அந்நூற்றாண்டிலேயே வகுத்தார். மோட்டார் இல்லாத அவ்வண்டியை ஒருவரே தள்ளிச் செல்லலாம். நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. ஜல்பாய்குரியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியான கரீமுல் ஹக், வண்டி கிடைக்காமல் தம் தாயை இழந்தார். பின்னர்த் தம் மோட்டார் சைக்கிளிலேயே நோயாளிகளை ஏற்றிச் சென்று உதவினார். 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அதே ஆண்டில் மும்பையிலும் மோட்டார் சைக்கிள் ஆம்புலன்ஸ்கள் தொடங்கப்பட்டன. முதலுதவியை நோயாளியிடம் விரைவில் கொண்டு சேர்ப்பதே அவற்றின் வேலை. நோயாளியைச் சாலைக்குக் கொண்டுவரும் வேலை அப்போதும் அண்டை அயலாருடையதே.

இடத்துக்கு இடம் தேவை மாறும் என்பதையும் மறக்கலாகாது. செம்பூர் வாஷி நாக்காவில் குடியிருப்புகள் குன்றுச் சரிவில் ஏறிச் செல்கின்றன. 2021 ஜூலையில் பெருமழையால் அங்கே மதில் இடிந்து வீடுகள்மேல் விழுந்து பலர் மாண்டனர். படிகள் நிறைந்த இத்தகைய இடத்தில் சக்கரத்தைவிடத் தோளே பயன்படும். அங்கே விரிப்புகளே அதிகம் வேண்டும்.

சாதனம் செய்வதற்கு வெளியூர் செல்ல வேண்டியதில்லை. தோல், துணி, இரும்பு ஆகிய மூன்றிலும் கைதேர்ந்த தொழிலாளர் தாராவியிலேயே இருக்கின்றனர். அங்கேயே செய்த பொருள் பழுதுபட்டால் அங்கேயே செப்பனிடலாம். ஆனால் பூட்டிய அறையில் கிடக்கும் நாற்காலி யாரையும் காப்பாற்றாது. ஒவ்வொரு சந்துக்கும் இரவிலும் திறக்கக்கூடிய ஓர் இடம், சாவி வைத்திருப்பவர், தூக்கிப் பழகிய நால்வர் ஆகியோர் வேண்டும். இளைஞர் மன்றங்களும் மகளிர் குழுக்களும் மாதம் ஒருமுறை ஒத்திகை நடத்தலாம். வண்டி எந்த முனையில் நிற்கும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

தாராவியையே புதிதாகக் கட்டப்போகிறார்களே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பவரும் உண்டு. மறுநிர்மாணத் திட்டத்தை மாநில அரசு ஏற்றது 2004-இல். அதன்பின் எத்தனையோ இரவுகள் கழிந்துவிட்டன. அகன்ற சாலைகள் வரட்டும், அவற்றை வரவேற்போம். ஆனால் இன்றிரவு மார்வலி காண்பவருக்கு இன்றுள்ள சந்துதான் வழி. கைப்பிடி வைத்த கித்தான் விரிப்பு ஒன்றும், அதைப் பிடிக்கத் தெரிந்த நால்வரும் அந்தச் சந்தில் இருக்கிறார்களா என்பதை நாளைக் காலையிலேயே விசாரிக்கத் தொடங்கலாம்.