சதுரகிரி மலையில் டவர் கிடைக்காது: செல்போன் மேப் எப்படி இருக்கணும்?

ஸ்ரீவில்லிபுத்தூர்,-

வத்திராயிருப்பு அருகே தாணிப்பாறை அடிவாரம் வரை செல்போன் மேப் ஒழுங்காக வழி காட்டும். அங்கிருந்து சதுரகிரி மலை ஏற ஆரம்பித்தால் கதையே வேறு. பல இடங்களில் டவர் கிடைக்காது. மேப்பை திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

2015-ம் ஆண்டு மே மாதம் இந்த மலையில் பெய்த மழையால் ஓடைகளில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் பலர் உயிர் இழந்தனர். ராஜபாளையம் அய்யனார் கோவில் ஆற்றிலும் மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் பக்தர்கள் மறுகரையில் சிக்கிக்கொள்வது உண்டு. எனவே மலைக்கு ஏற்ற மேப் ஆப் எப்படி இருக்கணும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

டவர் வேறு, ஜி.பி.எஸ். வேறு

டவர் போனால் ஜி.பி.எஸ்.சும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20 ஆயிரத்து 200 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தாலே செல்போன் தன் இடத்தை கணக்கிட்டு விடும். இதற்கு நெட்டும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம்.

நெட் வழியாக வருவது முக்கியமாக மேப்தான். அதை வீட்டிலேயே டவுன்லோடு செய்து வைத்தால் மலையிலும் தெரியும். அதனால் மலைக்கான ஆப், நெட் இல்லாமல் வேலை செய்வதுதான் முதல் தகுதி.

மேப்பை படமாக சேமித்தால் ஒவ்வொரு முறை பெரிதாக்கும்போதும் 4 மடங்கு படங்கள் தேவைப்படும். போன் சீக்கிரம் நிறைந்துவிடும். பாதை, ஓடை எல்லாவற்றையும் கோடும் புள்ளியுமாக சேமித்தால் குறைந்த இடமே போதும்.

வெயிலில் தெரியணும்

கம்ப்யூட்டருக்கு செய்ததை சுருக்கி போனில் போடுவது சரிப்படாது. சின்ன திரையில் எது அவசியம் என்பதை முதலில் முடிவு செய்யணும். மலையில் அவசியமானது மூன்றுதான். நான் எங்கே நிற்கிறேன், பாதை எது, திரும்ப எவ்வளவு தூரம்?

உச்சி வெயிலில் வெளிர் நிறக்கோடு கண்ணுக்கு தெரியாது. வெள்ளை மேல் கறுப்பாக, தடிமனாக இருக்கணும். ஒரு கையில் கம்பு இருக்கும். அதனால் கட்டைவிரலுக்கு எட்டும்படி பட்டன்கள் பெரிதாக, கீழ்ப்பக்கம் இருக்கணும். ஆப் பேட்டரியை தின்னக்கூடாது.

ஓடை பெயர் தமிழில்

2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் யார் வேண்டுமானாலும் பாதை, ஓடைகளை குறிக்கலாம். தமிழிலும் பெயர் எழுதலாம். ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்ஆண்ட் போன்ற ஆப்கள் இதை வைத்துத்தான் நெட் இல்லாமல் ஓடுகின்றன.

வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, பிலாவடி கருப்பசாமி கோவில் என்று நம்மூர் ஆட்கள் சொல்லும் பெயர்கள் மேப்பில் இருக்கணும். ஆபத்தில் 112-க்கு போன் போட்டால் முதலில் கேட்பது, 'எங்கே நிற்கிறீர்கள்' என்பதைத்தான். நிற்கும் இடத்தை ஒரே பட்டனில் எஸ்.எம்.எஸ். அனுப்பும் வசதியும் வேண்டும். நெட் இல்லாவிட்டாலும் லேசான டவரில் எஸ்.எம்.எஸ். போய்விடும்.

மேப் சொல்லாதது

இந்த காடு 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. மேப்பில் கோடு இருக்கிறது என்பதற்காக எல்லா பாதையிலும் நுழைய முடியாது. வனத்துறை அனுமதிக்காத பாதையை ஆப் தனி நிறத்தில் 'தடை' என்று காட்டணும்.

இன்னொரு விஷயம். மேப்பில் ஓடை என்பது எப்போதும் ஒரே நீலக்கோடுதான். முழங்கால் தண்ணீரா, ஆளை இழுக்கும் வெள்ளமா என்று அது சொல்லாது. மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடித்தாலும் தண்ணீர் வரும். தண்ணீர் கலங்கி, மட்டம் ஏறினால் மேப்பை மடக்கி வைத்துவிட்டு மேட்டில் நிற்பதுதான் உயிருக்கு நல்லது.

கிளம்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ராஜபாளையம் பஸ் நிலையத்தில் நின்று நெட்டை ஆப் செய்துவிட்டு மேப்பை திறந்து பத்தடி நடந்து பாருங்கள். புள்ளி கூடவே நகர்ந்து, மலைப்பாதையின் மேப்பும் திரையில் தெரிந்தால் மலைக்கும் அது துணை வரும். வட்டம் சுற்றினால் அந்த ஆப்பை நம்பி மலை ஏறாதீர்கள்.