சட்டம் நிற்கும் இடத்திலிருந்து

2017 ஜனவரியில் மெரினா கடற்கரையில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் திரண்டபோது, தமிழ்நாடு முழுக்க ஒரு சட்டத்தின் பெயர் அடிபட்டது: 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது இந்தச் சட்டத்தை வைத்துத்தான். மாநில அரசு 2017இல் திருத்தம் கொண்டுவந்ததும் இதற்குத்தான். அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டீக்கடை முதல் தொலைக்காட்சி வரை அத்தனை வாதம் நடந்தது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் மெரினாவுக்குச் சற்றுத் தெற்கே, அடையாறில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பெண் என்பது எங்கும் பெரிதாகப் பேசப்படவில்லை.

ருக்மிணி தேவி அருண்டேல் என்றால் பரதநாட்டியமும் 1936இல் அவர் தொடங்கிய கலாக்ஷேத்ராவும்தான் நினைவுக்கு வரும். அவருடைய வாழ்வின் மறுபாதி விலங்குகளுக்கானது. 1904இல் மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி பிரம்மஞான சபையில் ஈடுபட்டவர் என்பதால், அதன் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையாரின் நிழலில், சபையின் அடையாறு ஆலமரச் சூழலில் வளர்ந்தார். புலால் உண்ணாமை அவருக்குப் பிறந்த வீட்டிலேயே கிடைத்த வழக்கம். நம்மில் பலருக்கும் அப்படித்தான். தட்டில் இறைச்சி இல்லை என்றவுடன் கடமை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஏற்றமுடியாத பாரத்தை ஏற்றி மாட்டை அடிக்கும் வண்டியைக் கடந்து போகிறோம். அவர் அந்த மாட்டையும் திரும்பிப் பார்த்தார். குதிரையை, கூண்டில் அடைபட்ட குரங்கை, பரிசோதனைக்கூட முயலைப் பார்த்தார். பழக்கமாக வந்த ஒன்றைத் தானே ஏற்றுக்கொண்ட உறுதியாக மாற்றிக்கொண்டதுதான் அவருடைய பெருமை என்று தோன்றுகிறது.

1952இல் அவர் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகச் சென்றார். கலைக்காகக் கிடைத்த இடம் அது. அதை அவர் வாய் பேசாத உயிர்களுக்காகப் பயன்படுத்தினார். மறு ஆண்டே மிருகவதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றை அறிமுகம் செய்தார். நடைமுறையில் இருந்தது 1890ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டம். அவையில் அவர் பேசியதைக் கேட்ட பிரதமர் நேரு, நோக்கத்தை ஆதரித்தார். மசோதாவைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொண்டு, அரசே ஒரு குழு அமைத்து விரிவான சட்டம் கொண்டுவரும் என்று வாக்களித்தார். இப்படிப்பட்ட வாக்குறுதிகள் கோப்புகளுக்குள் காணாமல் போவது வழக்கம். இது போகவில்லை. 1960 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. 1962இல் இந்திய விலங்குகள் நல வாரியம் சென்னையில் அமைந்தது. அதன் முதல் தலைவரான ருக்மிணி தேவி, 1986இல் மறையும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட போராட்டங்களில் மிகச் சிக்கலானது குரங்கு ஏற்றுமதி. 1950களில் போலியோ தடுப்பு மருந்து தயாரிக்க ரீசஸ் குரங்கின் சிறுநீரகத் திசு தேவைப்பட்டது. வட இந்தியக் காடுகளிலும் ஊர்ப்புறங்களிலும் பிடிக்கப்பட்ட குரங்குகள், உச்சக்கட்டத்தில் ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேல், விமானங்களில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயின. 1955 ஜனவரியில் லண்டன் விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கான குரங்குகள் மூச்சுமுட்டிச் செத்தன. இந்தியா ஏற்றுமதியைச் சில காலம் நிறுத்தியது. பிறகு மறுபடியும் அனுமதித்தது. போலியோ மருந்து உலகெங்கும் எண்ணற்ற குழந்தைகளின் கால்களைக் காப்பாற்றியது என்பதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் மருந்துக்காக என்று தொடங்கிய வாசல் வேறு பல சோதனைகளுக்கும் திறந்தே கிடந்தது. ஏற்றுமதியை முழுமையாக நிறுத்தும் முடிவை எடுத்தது மொரார்ஜி தேசாய் அரசு. 1978 ஏப்ரலில் தடை நடைமுறைக்கு வந்தது. அதே மொரார்ஜிதான் 1977இல் ருக்மிணி தேவியைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி கேட்டார். அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் அதற்கு வீண் வலி நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடிப்பது, உதைப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, புண்பட்ட மாட்டை வேலை வாங்குவது, அசைய முடியாத கூண்டில் அடைப்பது, தீனியும் தண்ணீரும் கொடுக்காமல் விடுவது, கைவிட்டுவிட்டுப் போவது எல்லாமே குற்றம். தண்டனைக்கு வரும்போதுதான் வருத்தமாக இருக்கிறது. முதல்முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அறுபது ஆண்டுகளில் எல்லா விலையும் ஏறிவிட்டது, இது மட்டும் ஏறவில்லை. விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. அன்றாடக் கொடுமைக்கு ஐம்பது ரூபாய்தான். அபராதத்தையும் தண்டனையையும் உயர்த்தும் திருத்த வரைவு ஒன்றை 2022இல் மத்திய அரசு வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது.

சட்டம் வருவதற்கு ஓராண்டு முன்பே, 1959இல், சென்னையில் இன்னொரு வேலை தொடங்கியிருந்தது. விமானியான கேப்டன் வி. சுந்தரம், தியாகராய நகரில் மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கி வந்து வீட்டில் வைத்துக் காப்பாற்றினார். மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அந்த வீட்டிலிருந்து புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு பிறந்தது. அந்நாளில் தெருநாய்கள் பெருகினால் மாநகராட்சிக்குத் தெரிந்த ஒரே வழி பிடித்துக் கொல்வது. கொல்லக் கொல்ல எண்ணிக்கை குறையவில்லை, வெறிநாய்க்கடியும் குறையவில்லை. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவோம் என்று 1964லிருந்தே புளூ கிராஸ் சொல்லிவந்தது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றது 1996இல். 2001இல் மத்திய அரசு நாடு முழுமைக்குமான விதியாகவே அதை அறிவித்தது. தெருநாய்ப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. கருத்தடைப் பணிக்குப் பணமும் ஆளும் ஒதுக்காத ஊர்களில் மக்கள் படும் அவதி உண்மையானது.

சட்டமும் வாரியமும் தெருவரை வரும். குளியலறைக்கும் அலமாரிக்கும் அவ்வளவாக வராது. வதையில்லாத வாழ்வை ஏற்க நினைப்பவர் அங்கே தானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அழகுப் பொருள்கள். 1940களில் அமெரிக்காவில் உருவான டிரேஸ் சோதனையில் ஷாம்பூ, மை போன்றவற்றின் மூலப்பொருள்களை முயலின் கண்ணில் விட்டு, புண்ணாகிறதா என்று நாள்கணக்கில் பார்ப்பார்கள். முயல் சாதுவானது, கண் பெரியது. அதற்காகவே அது தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்தியா 2014இல் அழகுப் பொருள்களை விலங்குகள்மீது சோதிப்பதையும், அப்படிச் சோதித்தவற்றை இறக்குமதி செய்வதையும் தடை செய்தது. ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் திசு போன்ற மாற்றுவழிகள் வந்துவிட்டதால் தொழில் நின்றுபோகவில்லை.

சோதனை நின்றாலும் சேர்மானம் நிற்பதில்லை. சோப்பு உறையில் சோடியம் டாலோவேட் என்று இருந்தால் அது விலங்குக் கொழுப்பு. கார்மைன் அல்லது 120 என்ற எண் இருந்தால், உலர்த்திய ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பு. உதட்டுச் சாயத்திலும் சில இனிப்புகளிலும் வரும். கேப்சூல் மாத்திரை உறையின் ஜெலட்டின் பெரும்பாலும் எலும்பிலும் தோலிலும் இருந்து வருவது. மருத்துவர் எழுதிக் கொடுத்ததை இதற்காக நிறுத்தக் கூடாது. மாற்று உண்டா என்று அவரிடமே கேட்கலாம். பால்தான் தமிழ் வீடுகளில் கடினமான கேள்வி. உழவு டிராக்டருக்குப் போனபின் காளைக்கன்றுக்கு வேலை இல்லை. பால்மாடு வைத்திருக்கும் சிறு விவசாயி அதை விற்றுவிட வேண்டியிருக்கிறது. பாலை முழுக்க விட்டவர்கள் இருக்கிறார்கள், காபிக்கு மட்டும் வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டாமவரைக் குறை சொல்வதால் எந்தக் கன்றுக்கும் நன்மை இல்லை.

பட்டுக்கு வருவோம். கலாக்ஷேத்ராவின் நெசவுக்கூடத்தில் ருக்மிணி தேவியின் வழிகாட்டலில் உருவான பட்டுப்புடவைகள் இன்றும் புகழ்பெற்றவை. விலங்குகளுக்காக அத்தனை பாடுபட்டவரின் கூடத்திலும் பட்டு இருந்தது. இதைச் சொல்வது அவரைக் குறைப்பதற்காக இல்லை; பட்டு நமக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதற்காக. பட்டுப்புழு தன்னைச் சுற்றி ஒரே இழையாகக் கூடு கட்டுகிறது. அந்த இழை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம் வரும். உள்ளே இருக்கும் உயிர் அந்துப்பூச்சியாகித் துளைத்து வெளியேறினால் இழை அறுந்துவிடும். அதனால் கூட்டுப்புழுவை வெப்பத்தில் கொன்று, கூட்டை வெந்நீரில் இட்டு இழை எடுக்கிறார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள். காஞ்சி மகாபெரியவர் இந்தக் காரணத்துக்காகவே பட்டை விடச் சொன்னவர்.

ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில், அவர் மனைவி ஜானகி வெங்கட்ராமன், புழுவைக் கொல்லாத பட்டுப்புடவை கிடைக்குமா என்று ஆந்திர கைத்தறிக் கூட்டுறவு நிறுவனமான ஆப்கோவில் கேட்டார். அங்கே பணியாற்றிய குசுமா ராஜய்யா அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். பூச்சி பறந்துபோன பிறகு கிடைக்கும் கூட்டைப் பஞ்சுபோல நூற்று நெய்தார். அதுதான் அஹிம்சா பட்டு. காஞ்சிப் பட்டின் பளபளப்பு அதில் இருக்காது. மென்மையாக இருக்கும், விலை கூடும்.

வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அஸ்ஸாம், மேகாலயாப் பகுதிகளின் எரி பட்டுக் கூடு ஒருபக்கம் திறந்தே இருக்கும். பூச்சி தானாக வெளியேற முடியும். அதனால் கடைகளில் எரி பட்டு என்றாலே அஹிம்சா பட்டு என்று சொல்லி விற்கிறார்கள். ஆனால் அந்த மாநிலங்களில் எரி கூட்டுப்புழு விருப்பமான உணவும்கூட. பல வீடுகளில் பூச்சி வருமுன்பே புழுவை எடுத்துவிடுவார்கள். கூட்டிலிருந்து பூச்சி வெளியேறிய பிறகுதான் நூற்றார்களா, யாரிடம் வாங்கினீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். பதில் தெரியாத கடைக்காரரும், நாலு பேர் கேட்டால் நெசவாளரிடம் விசாரிக்கத் தொடங்குவார்.