படக் கோவையும் பாட்டனாரின் இறுவட்டும்

கைத்தொலைபேசியிலே பதிவான திருமணக் காட்சியையும் நடன அரங்கேற்றத்தையும் இளையோர் அதிலேயே கண்டு களிக்கின்றனர். பாட்டனாரும் பாட்டியாருமோ, தொலைக்காட்சிப் பெட்டியின் அருகிலுள்ள இறுவட்டு இயக்கியையே நம்பியிருக்கின்றனர். பேரப்பிள்ளையின் ஆடலை அவர்களும் காணவேண்டுமாயின் அப்படக் கோவை டி.வி.டி. இறுவட்டாக மாறுதல் வேண்டும். அது எங்ஙனம் என்பதை ஈண்டு நோக்குவோம்.

கோவையை அவ்வாறே இறுவட்டிற் பிரதி செய்தாற் போதுமென்று பலர் எண்ணுகின்றனர். பழைய இயக்கிகள் பெரும்பாலும் அதனை ஏற்பதில்லை. காரணம் வெளிப்படை. டி.வி.டி. இயக்கிகள் யப்பானில் விற்பனைக்கு வந்தது 1996ஆம் ஆண்டில். அவை அறிந்த படச் சுருக்கமுறை 'எம்பெக்-2' என்பது. இன்றைய கைத்தொலைபேசிகள் கையாளும் 'எச்.264' முறையோ 2003இலும், 'எச்.265' முறை 2013இலுமே வகுக்கப்பட்டன. கிரந்தம் கல்லாதாரிடம் வடமொழி ஏட்டை நீட்டினால் அவர் யாது செய்வார்?

ஆகவே, மூன்று படிகள் உள. முதலாவது, படத்தை எம்பெக்-2 முறைக்கு மாற்றுதல். இலங்கைக்கு உரியது 'பால்' முறை. அதன் அளவு 720க்கு 576 புள்ளிகள், வினாடிக்கு 25 படங்கள். கனடாவில் உள்ள உறவினருக்கு அனுப்புவதாயின் 'என்.ரி.எஸ்.சி.' முறையைத் தெரிதல் நன்று. 720க்கு 480 புள்ளிகள், வினாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். அங்குள்ள இயக்கிகள் பல பால் இறுவட்டை ஏற்கமாட்டா.

இரண்டாவது, இயக்கி எதிர்பார்க்கும் ஒழுங்கில் கோவைகளை அடுக்கி, விரும்பினால் தெரிவுப் பட்டியலும் அமைத்தல். இவ்விரு பணிகளையும் 'டிவிடி ஸ்டைலர்' என்னும் இலவசக் கணினி நிரல் செய்து தரும். மூன்றாவது, வெற்று இறுவட்டில் எழுதி, இறுதியாக 'முடித்தல்' என்னும் செயலையும் நிறைவேற்றுதல். அதனை விடுத்தால், எழுதிய கணினியில் ஓடும் இறுவட்டு வேறு இயக்கியில் ஓடாமற் போகலாம்.

மாணவர் ஒரு சிறு கணக்கும் செய்து பார்க்கலாம். சாதாரண டி.வி.டி.யின் கொள்ளளவு 4.7 கிகாபைற்று, அஃதாவது 37,600 மெகாபிற்று. இரண்டு மணி நேரத்துக்கு, அதாவது 7,200 வினாடிகளுக்கு, அதனைப் பகிர்ந்தால் வினாடிக்கு 5.2 மெகாபிற்றே கிடைக்கும்; அதிலே ஒலிக்கும் பங்குண்டு. நான்கு மணி நேரத்தைத் திணித்தால் இப்பங்கு பாதியாகும். முகங்கள் சதுரம் சதுரமாகச் சிதையும். நீண்ட வைபவத்தை இரண்டு இறுவட்டுகளாகப் பிரிப்பதே முறை.

யாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. இம்மாற்றத்தில் இழந்த நுட்பம் மீளாது. மேலும், வீட்டில் எழுதப்படும் இறுவட்டின் சாயப்படலம் வெயிலாலும் வெப்பத்தாலும் மங்கக்கூடியது. எனவே இறுவட்டு ஆயிற்றென்று மூலக் கோவையை அழித்தல் பெரும் பிழை. மறைந்தவரின் குரல் அதில் மாத்திரமே எஞ்சியிருக்கலாம். மூலத்தை வெவ்வேறு இரண்டு இடங்களிற் பேணுக. இறுவட்டை ஒருமுறை முழுவதும் ஓட்டிப் பார்த்து, மென்முனைப் பேனையால் நாளும் நிகழ்ச்சியும் குறித்து, பின்னரே பெரியோர் கையில் ஒப்படையுங்கள்.