பின்காலை நம்பும் நடை

பனித்திட்டு என்ற ஊரின் தெருவில் மாடு ஒன்று நிதானமாக நடந்து வரும்போது அதன் கால்களை மட்டும் கவனியுங்கள். இடது பின்கால் ஊன்றியதும் இடது முன்கால் ஊன்றும். பிறகு வலது பின்கால், வலது முன்கால். ஆடும் நாயும் குதிரையும் நடப்பது இதே வரிசையில்தான்.

செஞ்சிக் கோட்டையில் திரியும் நாட்டுக் குரங்கிடம் இந்த வரிசை மாறிவிடும். இடது பின்காலுக்கு அடுத்து அது பெரும்பாலும் வலது கையை ஊன்றும். ஒரு பக்கத்துக் காலை மறுபக்கத்துக் கை தொடர்வதால் இதை மூலைவிட்ட நடை எனலாம். தேவாங்கு, குரங்கு, மனிதர் எல்லாம் அடங்கிய விலங்கு வரிசைக்கு முதனிகள் என்று பெயர். அவற்றில் நான்கு காலில் நடப்பவை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. குதிரையின் ஓட்டத்தைப் படமெடுத்துப் புகழ்பெற்ற எட்வர்ட் மைபிரிட்ஜ், 1880களில் பபூன் குரங்கைத் தொடர்படங்களாக எடுத்தபோதே இந்த வேறுபாடு பதிவாகிவிட்டது.

காரணம் மெல்லிய கிளைகளில் இருக்கிறது என்பது மேட் கார்ட்மில் முதலான ஆய்வாளர்களின் விளக்கம். முன்னே நீளும் கை, தாங்குமா என்று தெரியாத கிளையைத் தொடுகிறது. அந்த நொடியில் எதிர்ப்பக்கப் பின்கால், ஏற்கெனவே எடை தாங்கிய கிளையை உடலின் நடுவுக்கு அருகே இறுகப் பிடித்திருக்கிறது. புதுக்கிளை முறிந்தாலும் விலங்கு விழாது.

எடையும் பின்னால் நகர்ந்திருக்கிறது. நாயும் குதிரையும் உடல் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்கால்களில் சுமக்கின்றன. பெரும்பாலான குரங்குகளில் கூடுதல் பளு பின்கால்களுக்கு. சுமை குறைந்த கை பழம் பறிக்கலாம், குட்டியை அணைக்கலாம், பேன் பார்க்கலாம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இந்த உத்தியின் உச்சம் தேவாங்கு. பெரும்பாலும் 300 கிராமைத் தாண்டாத உடல்; வால் இருப்பதே தெரியாது. அது தாவுவதில்லை. சுட்டுவிரல் குறுகி, கட்டைவிரல் அகன்று விலகியிருப்பதால் அதன் கை இடுக்கிபோல் கிளையைக் கவ்வும். கைகால்களில் இரத்தக்குழாய் நுண்குழாய்க் கற்றையாகப் பிரிகிறது. நெடுநேரம் இறுகப் பற்றியிருக்கும் தசைக்கும் இரத்தம் தடைபடாமலிருக்க இது உதவுவதாகக் கருதப்படுகிறது. பூச்சியை நெருங்கியதும், பின்கால்களால் மட்டும் கிளையைப் பிடித்தபடி இரண்டு கைகளையும் வீசி அள்ளிவிடும்!

தாவாத விலங்குக்குக் கிளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவே மரங்களை வெட்டிவிட்டால் அது தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். நாயும் வாகனமும் அங்கேதான். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது.